மதுமனைக்குச் சலுகை! தேநீர்க்கடைக்குத் தண்டனையா?

இங்கிலாந்திலிருந்து ஒரு சேதி! 2026 சனவரி 27ஆம் நாள் அந்நாட்டு அரசு வெளியிட்ட அறிவிப்பு. மதுமனைகள் செலுத்தவேண்டிய கட்டட வரியில், ஏப்ரல் முதல் 15 விழுக்காடு தள்ளுபடி! அதையடுத்த ஈராண்டுக்கு, விலைவாசி ஏறும் அளவுக்குமேல் வரி ஏறாது என்று உறுதிமொழி! சராசரியாக ஒரு மதுமனைக்கு ஆண்டொன்றுக்கு 1,650 பவுன் மிச்சம் என்று கணக்கும் காட்டினார்கள். நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாய்!

சேதி கடல் கடந்து வந்திருக்கிறது. கடலூர் துறைமுகம் வரை வந்திருக்கிறது. இனி இங்கேயும் சிலர் நாவைச் சப்புக்கொட்டிக் கொண்டு கிளம்பினால் வியப்படைவதற்கில்லை. "வெள்ளைக்காரன் அறிவாளி ஐயா! அவனே மதுக்கடைக்கு வரியைக் குறைக்கிறான். நாமும் குறைத்தால் என்ன? பார் நடத்துகிறவன் பாவம் இல்லையா? விடுதி நடத்துகிறவன் வேதனை தெரியாதா?" என்று அழுகுரல் எழும்பக்கூடும். அழுவதற்கு ஆள் இருக்கிறார்கள். அழுகுரலை அரங்கேற்ற அச்சுக்கூடங்களும் இருக்கின்றன.

அவர்களுக்கு விடை சொல்லவேண்டும். ஆத்திரத்தோடு அல்ல, ஆதாரத்தோடு!

முதலில், இங்கிலாந்துக்காரன் ஏன் அப்படிச் செய்தான் என்பதைப் பார்ப்போம்.

'பப்' என்று அவர்கள் சொல்வது, 'பொதுமனை' என்று பொருள்படும் சொல்லின் சுருக்கம். மதுதான் அங்கே விற்பனைப் பொருள், மறுக்கவில்லை. ஆனால் அந்த மனையின் பெயரே அதன் வரலாற்றைக் கூறுகிறது. ஊரார் கூடுமிடம் அது. உழவனும் தச்சனும், கிழவனும் கிழவியும் மாலையில் வந்தமரும் இடம். ஊர்ச்செய்தி பேசுவதும், பந்தாட்டம் பற்றி வாதிடுவதும், தேர்தலைப் பற்றித் தர்க்கம் செய்வதும் அங்கேதான். உணவு கிடைக்கும், கணப்புக் கிடைக்கும், துணை கிடைக்கும். குளிர்நாட்டில் தனிமையில் வாடும் மனிதனுக்கு, நாலுபேர் முகம் பார்க்க ஒரு திண்ணை அது.

அந்தத் திண்ணைக்கு வந்தது இடர். கொரோனாக் கொடுமை தாக்கிய 2020இல் அரசு அவற்றின் கட்டட வரியை முழுமையாகத் தள்ளுபடி செய்தது. பிறகு தள்ளுபடி 75 விழுக்காடு ஆயிற்று. 2025-26இல் 40 விழுக்காடு ஆயிற்று. 2026 ஏப்ரலோடு அதுவும் முடியும் என்றார்கள். அதே ஏப்ரலில் கட்டடங்களுக்குப் புதிய மதிப்பீடும் நடைமுறைக்கு வரவிருந்தது. அந்நாட்டில் மதுமனைக்கு மதிப்புப் போடுவது சுவரை அளந்து மட்டுமல்ல, எவ்வளவு வாணிபம் நடக்கக்கூடும் என்று கணித்தும்! கொரோனாவில் முடங்கிய வாணிபத்தை வைத்துப் போட்ட பழைய மதிப்பு எங்கே, எழுந்து நின்றபின் போட்ட புதிய மதிப்பு எங்கே! ஒருகையால் சலுகையைப் பறித்து, மறுகையால் மதிப்பை உயர்த்தினால் மனை தாங்குமா? கொதித்தெழுந்தார்கள் மனை நடத்துவோர். ஆளும் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எங்கள் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று பல மதுமனைகளில் எழுதியே மாட்டிவிட்டார்கள். ஆளுங்கட்சி பணிந்தது. பதினைந்து விழுக்காடு பிறந்தது.

இதுதான் அங்கே நடந்த கதை. கதையின் கரு என்ன? மது அல்ல! ஏழையும் எளியவனும் காசு குறைவாகக் கொடுத்துக் காலாற உட்கார ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தை வரி விழுங்கிவிடக்கூடாது என்பதே கரு.

அந்தக் கருவை நாம் ஏற்கிறோம். வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: தமிழ்நாட்டில் அந்தப் 'பொதுமனை' எது?

டாஸ்மாக் கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், ஈ மொய்க்கும் மேசையும் எச்சில் கிளாசுமாக இருக்கிறதே அந்தப் பாரா? அங்கே யார் யாரோடு கூடிப் பேசுகிறார்கள்? தாய்மார் நுழைய முடியுமா? பள்ளிவிட்டு வரும் பிள்ளை, அப்பாவைத் தேடி அங்கே போகலாமா? அந்தத் தெரு வழியே நடக்கவே அஞ்சிச் சுற்றுவழி போகிறார்களே பெண்கள், அது ஊரார் கூடும் மனையா, ஊரார் ஒதுங்கும் மனையா?

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். தமிழ்நாட்டில் மதுவாணிபம் தனியார் தவித்துக்கொண்டு நடத்தும் தொழில் அல்ல. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. விற்பது அரசு நிறுவனம். கடைக்கு இடம் கொடுப்பவர் கட்டட உரிமையாளர். அரசே வாடகைக்கு இருக்கும்போது, வாடகை வருமா வராதா என்ற கவலை அவருக்கு உண்டா? பக்கத்திலே பார் நடத்துகிறவர் ஒப்பந்தப்புள்ளி போட்டு, போட்டியில் வென்று, இலாபம் உண்டு என்று தெரிந்தே உள்ளே வந்தவர். இவர்களில் எவருக்கு வரிச்சலுகை வேண்டும்? எவர் கண்ணீரைத் துடைக்க நகராட்சி தன் கைக்குட்டையை நீட்டவேண்டும்?

2024-25ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியே மாநில அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். கோடி, தோழர்களே, கோடி! நாற்பத்தெட்டாயிரம் கோடி புரளும் தொழிலுக்கு, தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் வைத்திருக்கும் நகராட்சிப் பணத்திலிருந்து தள்ளுபடியா? யானைக்குத் தீனி போட எறும்புப் புற்றில் அரிசி அள்ளுவதா?

சரி, பார் நம் பொதுமனை அல்ல. பின் எதுதான் நம் பொதுமனை?

விடியற்காலை நாலரை மணிக்குக் கடலூர் முதுநகருக்குப் போய்ப் பாருங்கள். வலை சுமந்த தோளோடு மீனவத் தோழன் வந்து நிற்பான். பாய்லரில் கொதிக்கும் தண்ணீர், கண்ணாடிக் கிளாசில் ஆவி பறக்கும் தேநீர், ஆடும் பெஞ்சு, அதன்மேல் நாலு பக்கமாகப் பிரிந்து நாலு பேர் கையிலே ஒரே நாளிதழ்! சிதம்பரத்திலே கீழவீதிக்குப் போங்கள், மேலவீதிக்குப் போங்கள், பேருந்து நிலையத்தருகே போங்கள். புவனகிரியிலிருந்தும் கிள்ளையிலிருந்தும் வேலைக்கு வந்த கட்டடத் தொழிலாளி, கொள்ளிடக் கரையிலிருந்து நெல் விலை கேட்க வந்த உழவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவன், ஆட்டோ ஓட்டும் அண்ணன்! எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே தேநீர். காசில்லாத நாளில் கணக்குநோட்டு. அதுதான் ஐயா நம் பொதுமனை!

இந்த இயக்கம் எங்கே வளர்ந்தது? மாளிகையிலா? மன்றங்களிலா? எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் தேநீர்க்கடை பெஞ்சில் அமர்ந்து 'விடுதலை'யை உரக்கப் படிப்பான். எழுதப் படிக்கத் தெரியாத இருபது பேர் சுற்றி நின்று கேட்பார்கள். 'திராவிட நாடு' வந்ததா, 'முரசொலி' வந்ததா என்று முடிதிருத்தும் நிலையத்தில் வந்து காத்துக் கிடப்பார்கள். முடி திருத்தியதோடு அந்தக் கடைகள் நிற்கவில்லை, மூளையையும் திருத்தின! பல்கலைக்கழகப் படிப்பை எட்டிப் பார்க்க முடியாதவனுக்கு அந்தப் பெஞ்சுதான் பல்கலைக்கழகம். 1965 சனவரி 27ஆம் நாள், மொழிப்போரில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானானே, அந்தச் சேதியைக் கேட்டுச் சிதம்பரம் விம்மியபோது, மக்கள் விம்மி நின்ற இடங்கள் எவையாக இருந்திருக்கும்? பெரிய மனிதர்களின் வரவேற்பறைகளா? தெருமுனைக் கடைகள் அல்லவா!

தேநீர்க்கடையைத் தெய்வக் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. கோயிலே சாதி பார்த்த நாட்டில் கடை மட்டும் தப்புமா? உணவு விடுதியில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்று பிரித்த காலம் இருந்தது. இரயில் நிலைய உணவகங்களில் இருந்த அந்தப் பிரிவினை ஒழிந்ததே 1941இல்தான், பெரியாரின் போராட்டத்துக்குப் பின்னர்தான். சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் சேரித் தோழனுக்குத் தனிக்குவளை வைத்த கொடுமையோ, அதற்குப் பின்னும் நெடுநாள் தொடர்ந்தது. அந்தக் கறையை மறைத்துவிட்டுக் கடைக்குப் பரிந்து பேசினால் நாம் பகுத்தறிவாளர்கள் ஆகமாட்டோம். பெஞ்சு எல்லோருக்கும் பொதுவானால்தான் அது பொதுமனை. குவளை இரண்டானால் அது மனையல்ல, மனுவின் கிளைக்கடை! இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இந்தப் பொதுமனையின்மேல் வரி எப்படி விழுந்தது?

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுதும் நகரங்களில் சொத்துவரி உயர்த்தப்பட்டது. வீடுகளுக்கு ஓர் ஏணி கட்டினார்கள். சென்னை நீங்கலான ஊர்களில், 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு உயர்வு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்குமேல் போனால் 100 விழுக்காடு. சிறிய வீட்டுக்குச் சிறிய சுமை, பெரிய வீட்டுக்குப் பெரிய சுமை! நல்ல நீதி. பாராட்டினோம், இன்றும் பாராட்டுகிறோம்.

ஆனால் கடைகளுக்கு வந்ததும் அந்த ஏணி என்ன ஆயிற்று? வணிகக் கட்டடம் என்றால் ஒரே அளவு, 100 விழுக்காடு! பத்தடிக்குப் பன்னிரண்டடி தேநீர்க்கடைக்கும் 100 விழுக்காடு. நாலு மாடியில் நாற்பது குளிர்சாதனம் ஓடும் நகைமாளிகைக்கும் 100 விழுக்காடு. தையற்கடைக்கும் அதே, மதுக்கூடம் வைத்த விடுதிக்கும் அதே. தொழிற்கூடங்களுக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும்கூட 75 விழுக்காட்டோடு நிறுத்தினார்கள். கட்டணம் வாங்கிக் கல்வி தரும் கல்லூரிக்கு 75. காசில்லாமல் நாளிதழ் படிக்கத் தரும் பெஞ்சுக்கு 100! வீட்டுக்கு இருந்த நீதிக்கண் கடை வாசலில் வந்து குருடானது ஏன்?

"போகட்டும், தேநீர்க்கடைக்கு என்ன பெரிய வரி வந்துவிடப் போகிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே விடை சொல்வோம். ஒரு சிறுகடைக்கு அரையாண்டு வரி 600 ரூபாய் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இருமடங்காகி 1,200 ஆயிற்று. ஏறியது 600. நாளுக்கு மூன்று ரூபாய் சொச்சம்! இதற்காகவா இத்தனை முழக்கம்?

பொறுங்கள். வரிச்சீட்டு கடைக்காரர் பெயரில் வருவதில்லை. கட்டட உரிமையாளர் பெயரில் வருகிறது. பில் கலெக்டர் வந்து போன மறுநாள், உரிமையாளர் வருகிறார். "வரியை ஏற்றிவிட்டான் அப்பா, நான் என்ன செய்ய? வாடகையில் மாதம் ஐந்நூறு சேர்த்துக் கொடுத்துவிடு" என்கிறார். மாதம் 500 என்றால் அரையாண்டுக்கு 3,000! அறுநூறு ரூபாய் வரி, மூவாயிரம் ரூபாய் வாடகையாக உருமாறிக் கடைக்காரர் தலையில் இறங்குகிறது. வரி எறும்பாக வருகிறது. வாடகை யானையாக வருகிறது. இரண்டு மாத அட்வான்சையும் ஏற்று என்றால், கந்துவட்டிக்காரன் வாசலைத் தவிர வேறு வாசல் ஏது?

எல்லா உரிமையாளரும் அப்படி என்று சொல்லவில்லை. முப்பதாண்டு ஒரே வாடகையில் விட்டிருக்கும் நல்லவர்களும் மஞ்சக்குப்பத்திலே உண்டு, சிதம்பரத்திலே உண்டு. ஆனால் சட்டம், நல்லவரை நம்பி எழுதப்படக்கூடாது. நலிந்தவரை எண்ணி எழுதப்படவேண்டும்.

இப்போது மற்றொரு பக்கத்தைப் பாருங்கள். ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் அரையாண்டு வரி கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, 5,000 ரூபாய் வரையில். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஊக்கத்தொகை எவருக்கு? உரிமையாளருக்கு! "எனக்கு ஊக்கத்தொகை கிடைத்தது, இந்தா உனக்கும் பாதி" என்று வாடகையைக் குறைத்தவர் உண்டா? வரி ஏறும்போது வாடகையோடு சேர்ந்து ஏறுகிறது. வரி இறங்கும்போது உரிமையாளர் மடியோடு நின்றுவிடுகிறது! இங்கிலாந்துக்கும் இங்குக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். அங்கே கட்டட வரியைக் கட்டுகிறவர் பெரும்பாலும் கடை நடத்துகிறவரே; ஆகவே குறைத்தால் அவர் கைக்கே போகிறது. இங்கே கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து விழுக்காடு குறைத்தால், அது டாஸ்மாக் கடைக்கு இடம் கொடுத்தவர் பணப்பெட்டிக்குப் போகும். அங்கே மருந்து, இங்கே விருந்து!

சலுகை வழிமாறிப் போவதை நாம் காணாதவர்கள் அல்லர். தமிழில் பெயர் சூட்டும் திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லை என்று 2006இல் கழக ஆட்சியே அறிவித்தது. தமிழ்ப் பெயர்கள் திரையில் மலர்ந்தன; மகிழ்ந்தோம். ஆனால், வரி போனபின்னும் நுழைவுச்சீட்டு விலை ஏன் இறங்கவில்லை என்று மக்கள் கேட்டார்களே, அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நம் வீட்டில் நடந்த தவறிலிருந்தும் பாடம் கற்கத்தானே வேண்டும்? சலுகை கொடுப்பது பெரிதல்ல. அது போய்ச் சேரும் முகவரியை எழுதுவதுதான் பெரிது.

மதுவுக்கும் கடைக்காரனுக்கும் இடையே ஒரு பழைய கணக்கும் தீராமல் கிடக்கிறது.

1937 அக்டோபர் முதல் நாள், ஆச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மது வருவாய் போயிற்று. போன பணத்தை எங்கே தேடுவது? கடைவீதியைப் பார்த்தார்கள். 1939இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவை மூட, மளிகைக்கடைமேல் வரி! குடிகாரன் திருந்துவதற்காகச் சிறுவணிகன் சுமந்தான். 'ஊர் திருந்தட்டும்' என்று பொறுத்துக்கொண்டான்.

1948இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது. அறிஞர் அண்ணா 1967இல் ஆட்சிக்கு வந்தபோது, கருவூலத்தில் எத்தனை நெருக்கடி இருந்தும் அதைக் கட்டிக் காத்தார். 1971இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மீண்டும் போயிற்று. கடை திறந்தது, மூடியது, திறந்தது. கதவின் கீல் தேய்ந்ததுதான் மிச்சம்! ஆனால் தோழர்களே, மதுக்கடை மூடியபோது வந்த விற்பனை வரி, மதுக்கடை திறந்தபோது போயிற்றா? பெயர் மாறிற்று, மதிப்புக் கூட்டு வரி ஆயிற்று, 2017இல் சரக்கு-சேவை வரியும் ஆயிற்று. போகவில்லை! மது போனதற்கும் சிறுவணிகன் வரி கட்டினான். மது வந்தபிறகும் அவனே வரி கட்டுகிறான். இப்போது மதுக்கூடத்துக்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டு, அதில் விழும் துண்டையும் அவன் தோள்மேலேயே போடுவதென்றால், நீதி என்ற சொல்லை அகராதியிலிருந்து அழித்துவிடலாம்!

மறுப்பாளர் சும்மா இருக்கமாட்டார். மூன்று அம்புகளை எடுப்பார். மூன்றையும் பார்த்துவிடுவோம்.

முதல் அம்பு: "வரியை ஏற்றச் சொன்னது டெல்லி. ஏற்றாவிட்டால் உள்ளாட்சிக்கு மானியம் இல்லை என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. மாநிலம் என்ன செய்யும்?" உண்மை, நிபந்தனை போடப்பட்டது. அடிப்படை வரியளவை அறிவிக்கவேண்டும், மாநில வளர்ச்சிக்கு இசைய வரித்தொகை வளரவேண்டும் என்றது குழு. மாநிலத்தின் கழுத்தில் கைவைக்கும் டெல்லியின் போக்கை நாம் என்றும் எதிர்ப்பவர்கள். ஆனால் அந்தக் குழு, "தேநீர்க்கடையையும் நகைமாளிகையையும் ஒரே தராசில் நிறு" என்று எங்கே சொன்னது? மொத்தத் தொகை வளரவேண்டும் என்றதே தவிர, எவன் முதுகில் வளரவேண்டும் என்று எழுதவில்லை. வீட்டுக்கு ஏணி கட்டத் தடைசெய்யாத நிபந்தனை, கடைக்கு ஏணி கட்டவும் தடைசெய்யாது.

இரண்டாம் அம்பு: "கடலூருக்குப் பக்கத்திலே புதுச்சேரி. பேருந்தில் ஏறினால் ஒருமணி நேரம். அங்கே மது மலிவு. இங்கே பார்க்காரனுக்குச் சலுகை தராவிட்டால் வாடிக்கையெல்லாம் எல்லை தாண்டிப் போய்விடும்!" புதுச்சேரியில் மது மலிவாக இருப்பது அங்கே கட்டட வரி குறைவு என்பதாலா? மதுமீது போடும் தீர்வை குறைவு என்பதால்! சுவரின்மேல் போடும் வரியைக் குறைத்தால் புட்டியின் விலை குறையுமா? தலைவலிக்குக் காலில் பற்றுப் போடும் மருத்துவம் இது. அன்றியும் கேட்கிறோம்: புதுச்சேரியோடு கடலூர் போட்டியிட வேறு துறையே கிடைக்கவில்லையா? துறைமுகத்தில் போட்டியிடட்டும், தொழிலில் போட்டியிடட்டும், கல்வியில் போட்டியிடட்டும். போதையிலா போட்டி? 2024 சூனில் கள்ளக்குறிச்சியில், பழைய தென்னார்க்காட்டின் மண்ணில், நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அந்தப் பிணவாடை இன்னும் அகலவில்லையே! நல்ல மது கிடைத்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பார்கள். டாஸ்மாக் கடைகள் திறந்திருந்த காலத்தில்தான் கருணாபுரத்தில் பாடைகள் வரிசையாகப் போயின. செத்தவன் கட்டட வரி ஏறியதால் அங்கே போகவில்லை. கையில் காசில்லாததால் போனான்.

மூன்றாம் அம்பு கொஞ்சம் கூர்மையானது: "சிறுகடைக்கு வரியைக் குறைத்தால் நகராட்சிக்குப் பணம் ஏது? விளக்கெரிய வேண்டாமா? குப்பை அள்ள வேண்டாமா?" வேண்டும்! கட்டாயம் வேண்டும்! கடலூர் நகராட்சி 1866இல் பிறந்தது. 2021இல் மாநகராட்சி ஆயிற்று. சிதம்பரம் நகராட்சி 1873இல் பிறந்தது. நூற்றைம்பது ஆண்டுப் பெருமை இருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்தால் காற்று வருகிறது. பெண்ணையாறும் கெடிலமும் பெருக்கெடுத்தால் தெருவில் நீர் புகும் ஊர் கடலூர். 2011 திசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் புரட்டிப் போட்ட ஊர். உள்ளாட்சியின் கையை வெட்டிவிட்டு ஊரைக் காக்க முடியாது. தந்தை பெரியார் ஈரோட்டிலும் ஆச்சாரியார் சேலத்திலும் நகராட்சித் தலைவர்களாக இருந்தே பொதுவாழ்வில் பழுத்தவர்கள். ஊராட்சியின் அருமை இந்த நாட்டுத் தலைவர்களுக்குத் தெரியும்.

ஆகவேதான் சொல்கிறோம்: சிறுகடைக்குக் குறைக்கும் தொகையை நகராட்சி இழக்கவேண்டாம். மதுவிலிருந்து வரும் வருவாயிலிருந்து மாநில அரசு ஈடுகட்டட்டும். மதுவின் இலாபம் தலைநகரக் கருவூலத்துக்குப் போகிறது; மதுவின் குப்பை ஊரிலேயே கிடக்கிறது. உடைந்த புட்டி எங்கள் வாய்க்காலில். விழுந்து கிடக்கும் மனிதன் எங்கள் நடைபாதையில். அடிபட்ட மனைவி எங்கள் அரசு மருத்துவமனையில். உயர்நீதிமன்றம் சொன்னபிறகு, காலிப்புட்டிக்குப் பத்து ரூபாய் கொடுத்துத் திரும்பப் பெறும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் போயிற்று. புட்டியைத் திரும்பப் பெற வழி கண்டவர்கள், புட்டியால் ஊருக்கு ஏற்பட்ட செலவைத் திரும்பக் கொடுக்கவும் வழி காணவேண்டாமா? 48,344 கோடிக் கடலிலிருந்து ஒரு கைச்சிரங்கை நீர் அள்ளினால் கடல் வற்றிவிடாது.

எனவே நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: வீடுகளுக்குக் கட்டியதுபோல் கடைகளுக்கும் ஏணி கட்டுங்கள். 300 சதுர அடிக்கு உட்பட்ட கடைகளுக்கு, 2022இல் ஏற்றிய 100 விழுக்காட்டை 25 விழுக்காடாக இறக்குங்கள். தேநீர்க்கடை, சிற்றுண்டிக்கடை, மெஸ், முடிதிருத்தகம், தையற்கடை ஆகியவை முதலில் பயன்பெறட்டும்.

இரண்டு: குறைத்த வரி கடைக்காரர் கைக்குப் போய்ச் சேர வழி செய்யுங்கள். வாடகைக்கு எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்யவேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2019 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தத்தைக் காட்டி, 'வரி குறைந்த அளவுக்கு வாடகையும் குறைந்தது' என்று இருவரும் கையெழுத்திட்டால் மட்டுமே சலுகை! சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துபவருக்கு நேராகவே சலுகை.

மூன்று: மதுக்கடை, பார், மதுக்கூடம் வைத்த விடுதி இருக்கும் கட்டடத்துக்கு இந்தச் சலுகை ஒரு காசும் கூடாது. இருக்கிற வரியை ஒழுங்காக அளந்து வாங்குங்கள். நூறு சதுர அடி என்று கணக்குக் காட்டிவிட்டுக் கொல்லைப்புறம் முழுதும் கொட்டகை போட்டிருந்தால், நாடாவை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

நான்கு: எல்லோருக்கும் ஒரே குவளை, ஒரே பெஞ்சு என்பது சலுகையின் நிபந்தனையாகட்டும். சாதி பார்க்கும் கடை எது என்று தெரிந்தால், அந்த நாளே சலுகை பறிக்கப்படட்டும். பொதுப்பணத்தில் சலுகை பெறுகிறவன் பொதுமனையாக இருக்கத்தானே வேண்டும்!

இந்த நான்கையும் கடலூர் மாமன்றமும் சிதம்பரம் நகர்மன்றமும் தீர்மானமாக நிறைவேற்றி மாநில அரசுக்கு அனுப்பட்டும். கட்சி வேறுபாடு இதற்குத் தடையாக வேண்டியதில்லை. எந்தக் கட்சி உறுப்பினரானாலும், வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் உட்காருவது எந்தப் பெஞ்சில் என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கட்டும். வாக்குக் கேட்டு வந்தபோது தேநீர் குடித்த கிளாசுக்கு நன்றி காட்டும் நேரம் இது.

இங்கிலாந்துக்காரன் பதினைந்து விழுக்காடு குறைத்தான் என்று இங்கே வந்து எவரேனும் சொன்னால், சொல்லுங்கள்: "அவன் தன் ஊர்த் திண்ணையைக் காத்தான். நாங்களும் எங்கள் ஊர்த் திண்ணையைக் காக்கக் கேட்கிறோம். அவன் திண்ணையில் மது இருந்தது. எங்கள் திண்ணையில் தேநீர் இருக்கிறது. அவனிடமிருந்து கற்கவேண்டியது திண்ணையைக் காக்கும் பண்பை. தூக்கி வரவேண்டியது அவன் புட்டியை அல்ல!"

நாளை விடியற்காலையிலும் முதுநகரில் பாய்லர் கொதிக்கும். கீழவீதியில் பெஞ்சு போடப்படும். இந்த இதழைப் பிரித்து, ஒருவன் படிக்க நாலுபேர் கேட்பார்கள். படித்து முடித்தபின் கடைக்கார அண்ணனிடம் ஒன்று கேளுங்கள் தோழர்களே: "2022க்கு முன் வாடகை என்ன? இன்று என்ன?" அவர் சொல்லும் கணக்கை ஒரு தாளில் எழுதி வாங்கி, உங்கள் வார்டு உறுப்பினர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். நூறு கடைகளின் நூறு தாள்கள் மன்றத்து மேசைமேல் குவியட்டும். அந்தக் குவியலைப் பார்த்தபின்னும் மதுக்கூடத்துக்கு இரங்கும் மனம் அங்கே இருந்தால், அந்த மனத்தை மாற்றும் வழி மக்களுக்குத் தெரியும்!